எட்டில் ஒன்று

சந்திரவதனா மச்சாள் அந்தக் கேள்வியைக் கேட்ட நேரம் நான் வேலைக் கூட்டத்தில் இருந்தேன். வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறவளின் கூட்டம் அது. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி, காதில் ஹெட்போன், திரையில் ஆறு முகங்கள். மச்சாள் தன்னிடம் இருக்கும் எங்கள் வீட்டுத் திறப்பால் கதவைத் திறந்து, சப்பாத்தைக் கழற்றி, நேரே வந்து ஒரு கடதாசியை என் மூக்குக்குக் கீழே நீட்டினார்.

“சயந்தினி, இதை ஒருக்காப் பாரும். எண்பது எண்டு சொல்லி இன்ரநெற் வித்தவன். எனக்கு வாறது பத்து. இது களவுதானே?”

அதே கணத்தில், குரொய்டன் கேபிள் வரைபடம் வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா என்று என் மேலதிகாரி திரையிலிருந்து கேட்டாள். நான் தலையாட்டினேன்.

இருவருமே திருப்தியோடு போனார்கள்.

மச்சாள் என் கணவர் ராஜீவின் மூத்த அக்கா. இருபத்தாறு வருடம் தபால் நிலையக் கவுண்டரில் வேலை செய்து சென்ற வருடம்தான் ஓய்வு பெற்றார். லண்டனில் மிச்சம் என்கிற எங்கள் ஊரில், எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி இருக்கிறார். அவருடைய கணவர், எங்கள் அத்தான், காலமாகி ஐந்து வருடம். ஒரே மகள் மிதுஷா கல்யாணம் முடித்து எடின்பரோவுக்குப் போய்விட்டாள். அத்தான் இருக்கும்வரை பழைய மாணவர் சங்கத்துக்கு அவர்தான் நிரந்தரப் பொருளாளர். அவர் மேடையில் இருப்பார், மச்சாள் மண்டபத்துக் குசினியில் வந்தவர்கள் தின்ன மீன் ரோல் சுருட்டுவார்.

நான் கேபிள் கம்பனி ஒன்றில் வலையமைப்புத் திட்டமிடும் பொறியியலாளர். மச்சாளுக்கு இன்ரநெற் விற்ற கம்பனி வேறு. எந்தத் தெருவுக்கு எவ்வளவு வேகம் போகும் என்று கணக்குப் பார்ப்பது என் தொழில். அதில் ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது எட்டால் பெருக்கவோ எட்டால் வகுக்கவோ வேண்டிவரும். கம்பனிகள் வேகத்தை ‘பிற்’ (bit) கணக்கில் விற்கின்றன. கணினி ஒரு கோப்பை இறக்கும்போது காட்டுவது ‘பைற்’ (byte) கணக்கு. எட்டு பிற் சேர்ந்தால் ஒரு பைற். எண்பது மெகாபிற் வாங்கினால் திரையில் பத்து மெகாபைற் என்று தெரியும். மச்சாளுக்கு வரவேண்டியது பத்து, வந்ததும் பத்து. களவே இல்லை. இதைச் சொல்ல அரை நிமிடம் போதும்.

அந்த அரை நிமிடம் எனக்கு மூன்று கிழமையாகக் கிடைக்கவில்லை.

முதல் நாள் சொல்லாததற்குக் காரணம் கூட்டம். இரண்டாம் நாள் மாலை போன் பண்ணினேன். நான் வாய் திறப்பதற்கு முன்பே மச்சாள், தான் பதினொரு வீட்டில் விசாரித்துவிட்டதாகவும் எல்லா இடத்திலும் இதே கதைதான் என்றும் சொன்னார். எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பம் கம்பனி மாறினால் மிச்சக் குடும்பங்களும் ஒரு மாதத்துக்குள் மாறிவிடும். ஆகவே எல்லோருக்கும் ஒரே கம்பனி. நான்காம் நாள் வாட்ஸ்அப் குழு தொடங்கியது. எங்கள் ஆட்கள் மூன்று பேருக்கு ஒரே குறை இருந்தால் நான்காவது ஆளைப் பிடித்துப் பொருளாளராகப் போட்டுவிடுவார்கள். பத்தாம் நாள் ‘மிச்சம் வட்டார இணையப் பாவனையாளர் ஒன்றியம்’ பிறந்தது. தலைவி: திருமதி சந்திரவதனா. தொழில்நுட்ப ஆதாரம்: ‘எங்கட எஞ்சினியரும் இதை உறுதிப்படுத்தியிருக்கிறா.’

எங்கட எஞ்சினியர் என்பது நான்.

அதை வாசித்தபோது உடனே மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. மச்சாளின் மனம் நோகக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல காரணம், யாருக்கும் சொல்லக்கூடிய காரணம். ஆனால் உண்மை அதற்குக் கீழே கிடந்தது. அந்தக் குடும்பத்தில் பதினைந்து வருடமாக நான் ராஜீவின் பெண்சாதி. என் வேலை என்னவென்று கேட்டால், “கொம்பியூட்டரிலை ஏதோ” என்பார்கள். இப்போது அறுபத்து மூன்று வீடுகள் என்னை எஞ்சினியர் என்று சொல்கின்றன. தப்பான கணக்குக்காகச் சொன்னாலும் அந்தச் சொல் காதுக்கு இனிமையாகத்தான் இருந்தது.

இன்னொன்றும் உண்டு. என் வீட்டு இணைப்பைப் போலத்தான் நானும். இறங்கும் வேகம் நல்ல வேகம். யார் என்ன சொன்னாலும் உள்ளே வாங்கிக்கொள்வேன், ஒரு துளி சிந்தாது. ஏறும் வேகம்தான் பரிதாபம். எனக்குள் இருந்து ஒரு வசனம் வெளியே போய்ச்சேர நாட்கணக்கு எடுக்கும்.

இதற்கிடையில் மச்சாள் அளவெடுப்புப் பணியில் இறங்கினார். எல்லா வீட்டிலும் ஒரே கோப்பை இறக்கினால்தான் ஒப்பிட முடியும் என்பது அவருடைய வாதம். விஞ்ஞானரீதியாக அதில் ஒரு பிழையும் இல்லை. அந்தக் கோப்பு மிதுஷாவின் கல்யாண வீடியோ என்பதுதான் விசேஷம். மூன்று கமெரா, ஒரு ட்ரோன், ஆறு ஜிகாபைற். ஒரு கிழமைக்குள் மிச்சத்தின் அறுபத்து மூன்று வீடுகளில் மிதுஷாவுக்குத் தாலி ஏறியது. குழுவில் வேக விபரங்களோடு, மாப்பிள்ளையின் தலைப்பாகை ஒரு பக்கம் சரிந்திருக்கிறது என்றும் எழுதினார்கள்.

முடிவுகள் பட்டியலாக வந்தன. எண்பது வாங்கியவர்களுக்குப் பத்து. ஐந்நூறு வாங்கியவர்களுக்கு அறுபத்திரண்டு. தொளாயிரம் வாங்கிய பல்வைத்தியருக்கு நூற்றுப் பன்னிரண்டு.

“கண்டீரோ?” என்று மச்சாள் போனில் கேட்டார். “ஒவ்வொரு வீட்டிலயும் சொல்லிவைச்ச மாதிரி எட்டில ஒண்டு. கள்ளன்கூட இவ்வளவு ஒழுங்காக் களவெடுக்கமாட்டான்.”

“மச்சாள், அது வந்து...”

“பொறும், கம்பனி கடிதம் போட்டிருக்கு. வாற ஞாயிறு கூட்டத்துக்கு ஆள் அனுப்புகினமாம். பாத்தீரோ, பயந்திட்டினம்!”

எனக்குத்தான் பயம் வந்தது. கம்பனியிலிருந்து வருகிறவர் மேடையில் ஏறி, எட்டால் வகுத்துக் காட்டிவிட்டு இறங்கப்போகிறார். அதற்கு ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை. முன் வரிசையில் சபாரத்தினம் அண்ணை இருப்பார்.

சபாரத்தினம் அண்ணை பழைய மாணவர் சங்கத்துக்குப் பத்தொன்பது வருடமாகத் தலைவர். மச்சாள் ஒன்றியம் தொடங்கிய கிழமை மரக்கறிக் கடையில் வைத்து, பாகற்காயைத் தெரிந்தெடுத்துக்கொண்டே அவர் சொன்னாராம்: “தங்கச்சி, சங்கம் நடத்திறது ரோல் சுருட்டுற மாதிரி இல்லை.” மச்சாள் அதை என்னிடம் சிரித்தபடி சொன்னார். மூன்று தடவை சொன்னார். ஒருவர் சிரித்தபடி மூன்று தடவை சொல்லும் விஷயம் எவ்வளவு ஆழத்தில் குத்தியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை மத்தியானம் போனேன். மச்சாள் மேசை முழுக்கப் பட்டியலைப் பரப்பி, அடிமட்டம் வைத்துச் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். தலைமையுரை பக்கத்தில் இருந்தது. நான் கதிரையில் இருக்கவில்லை. இருந்தால் தேத்தண்ணீர் வரும், தேத்தண்ணீர் வந்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

“மச்சாள், களவு நடக்கேல்லை. அவங்கள் விக்கிறது பிற் கணக்கிலை. கொம்பியூட்டர் காட்டுறது பைற் கணக்கிலை. எட்டு பிற் ஒரு பைற். எண்பதை எட்டாலை பிரிச்சாப் பத்து. உங்களுக்கு வரவேண்டியது வருது.”

மச்சாள் அடிமட்டத்தைக் கீழே வைத்தார்.

“எட்டோ?”

“எட்டு.”

“ஏன் எட்டு?”

“அப்பிடித்தான் வைச்சிருக்கினம்.”

அவர் யன்னல் பக்கம் பார்த்தார். வெளியே பக்கத்து வீட்டுக்காரர் கார் கழுவிக்கொண்டிருந்தார். அவர் ஒரு கதவு முழுவதையும் கழுவி முடித்தார்.

“பவுண் மாதிரி,” என்றார் கடைசியில்.

“என்ன மச்சாள்?”

“எட்டுக் கிராம் ஒரு பவுண். கடைக்காரன் எண்பது கிராம் எண்டு சிட்டையில எழுதி, பத்துப் பவுண் நகையைக் கையில தந்திருக்கிறான். நான் எண்ணிப் பாத்திட்டு, பத்துத்தான் இருக்கு, மிச்ச எழுபது எங்க எண்டு நடுக்கடையில நிண்டு கத்தியிருக்கிறன்.”

“ஓம், அதுதான்...” அதைவிடத் தெளிவாக என்னால் ஒருபோதும் விளக்கியிருக்க முடியாது. 

“கிறீன் ஸ்ரீற் நகைக்கடையில இப்பிடிக் கத்தியிருந்தா விசர் எண்டு வெளியில விட்டிருப்பினம். இங்க என்னைத் தலைவி ஆக்கியிருக்கினம்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “இது உமக்கு எப்ப தெரியும்?”

“முதல் நாளே.”

“முதல் நாளே,” என்று திரும்பச் சொன்னார். முத்திரை போதாத பார்சலைக் கொண்டுவந்தவரைக் கவுண்டருக்குப் பின்னால் இருந்து பார்ப்பது போல என்னைப் பார்த்தார். “நீர் தலையாட்டினீர்.”

“ஆட்டினனான். கூட்டத்தில இருந்தனான்.”

“மூண்டு கிழமையாவோ கூட்டம் நடந்தது?”

 எஞ்சினியர் என்று கூப்பிட்டது பிடித்திருந்தது என்று சொல்லலாமா என்று நினைத்தேன். வசனம் தொண்டை வரை ஏறியது. பிறகு, ஆச்சரியமாக, வெளியேயும் வந்துவிட்டது. “நீங்கள் எல்லாரும் என்னை எஞ்சினியர் எண்டு சொன்னது எனக்கு நல்லா இருந்தது, மச்சாள். அதுதான் வாயை மூடிக்கொண்டு இருந்திட்டன்.”

மச்சாள் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பட்டியலில் ஓர் இடத்தில் விரலை வைத்து, அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப இது?” என்றார்.

நாற்பத்தோராவது வரிசை. மேரிசாந்தி, ட்ராம் நிறுத்தத்துக்குப் பக்கத்து வீடு. வாங்கியது எண்பது, வருவது பத்து.

“பத்து. சரியாத்தானே இருக்கு.”

“சரியில்லை. அவ ரெண்டு எண்டுதான் எழுதினவ. நான்தான் பத்து எண்டு மாத்திப் போட்டனான்.”

“ஏன் மச்சாள்?”

“எல்லா வீடும் எட்டில ஒண்டு. இவவின்ர மட்டும் ஒத்துவரேல்லை. பட்டியல் வடிவில்லாமப் போகுது.” குரல் இறங்கியது. “கண்ணாடி போடாமப் பாத்திருப்பா எண்டு நினைச்சிட்டன். இல்லை, நினைக்கேல்லை. அப்பிடி நினைக்கிறது வசதியா இருந்தது.”

எனக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வந்தது. அறுபத்திரண்டு வீட்டில் இல்லாத களவைக் கண்டுபிடித்தவர், உண்மையிலேயே குறை இருந்த ஒரே வீட்டைத் தன் கையாலேயே திருத்தி அழித்திருக்கிறார். நான் சிரிப்பை அடக்கப் பார்த்தேன். மச்சாள் அதைக் கண்டுவிட்டார்.

“சிரியும், சிரியும். கொம்பியூட்டரை எடும். வயரையும் எடும். போவம்.”

மேரிசாந்தி எங்களை வாசலிலேயே மறித்தார். அறுபது வயது, மன்னார்க்காரி, எதையும் ஒரு தடவைக்கு மேல் சொல்ல விரும்பாதவர்.

“கலியாண வீடியோ திரும்பவும் இறக்கவேணுமோ? போன முறை கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் எடுத்தது. பொம்பிளை மணவறைக்கு வரமுந்தி நான் சமைச்சு, சாப்பிட்டு, கோப்பையும் கழுவிட்டன்.”

“இல்லை மேரிசாந்தி,” என்றார் மச்சாள். “நீங்கள் ரெண்டு எண்டு எழுதினதை நான் நம்பேல்லை. அதுதான் பாக்க வந்தனாங்கள்.”

“ரெண்டு எண்டால் ரெண்டுதான். அரையும் இல்லை, காலும் இல்லை.”

வயர்லெஸ்ஸில் குறை இருக்கலாம் என்று, ரூட்டரில் நேரே வயரைச் செருகிப் பார்த்தேன். இரண்டு. எட்டால் பெருக்கினால் பதினாறு. எண்பதுக்குக் காசு வாங்கிக்கொண்டு பதினாறு கொடுக்கிறார்கள். தெருப் பெட்டியிலிருந்து வரும் வயரில் எங்கோ தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும்.

மேரிசாந்தி எங்களுக்குப் பின்னால் நின்று சொன்னார்: “பின்னேரம் மன்னாரில ஒரு தங்கச்சி, பாரிசில ஒரு தங்கச்சி, நான், மூண்டு பேரும் வீடியோவில செபமாலை சொல்லுறனாங்கள். அஞ்சு மறையுண்மையில மூண்டாவது வர என்ர படம் அப்பிடியே நிண்டிடும். பாரிஸ்காரி சொல்லுறாள், அக்கா நித்திரை கொண்டிட்டா எண்டு. ஆறு மாசமா நான் நித்திரைக்காரி.”

திரும்பி நடக்கும்போது மழை தூறியது. மச்சாள் குடையை விரிக்க மறந்து கையில் வைத்துக்கொண்டே நடந்தார்.

“வேணுமெண்டால் உங்களுக்குக் காய்ச்சல் எண்டு சொல்லிக் கூட்டத்தை நிப்பாட்டுவம்,” என்றேன். “மேரிசாந்தியின்ர விஷயத்தை நான் தனிய எழுதிப் போடுறன்.”

“எழுதினா பதில் வர ஆறு மாசம். நாளைக்கு ஆள் நேரில வாறான். நான் போகாட்டி அந்த வயர் அப்பிடியே கிடக்கும்.” சிறிது தூரம் போனபின் நின்றார். “போனா முதல் என்ர பிழையைச் சொல்லவேணும். அண்ணை முன் வரிசையில இருப்பார். சயந்தினி, முப்பது வருசம் அந்த மேடையைக் குசினிக் கதவுக்குள்ளால பாத்தனான். ஏறின முதல் நாளே இறங்கப்போறன்.”

நான் குடையை வாங்கி விரித்தேன்.

ஞாயிறு மூன்று மணிக்கு, சங்கம் வழக்கமாகக் கூடும் அதே தேவாலய மண்டபம் நிறைந்திருந்தது. வந்த கம்பனிக்காரர் நாற்பது வயதுள்ள, மெல்லிய, பணிவான வெள்ளைக்காரர். சண்டை பிடிக்கக் கூப்பிட்டவரென்றாலும் எங்கள் மரபில் சில காரியங்கள் தவறக்கூடாது. அவரைக் கொண்டு குத்துவிளக்கில் ஒரு திரி ஏற்றுவித்தார்கள். இறந்தோருக்கான அகவணக்கத்துக்கு எழுந்து நிற்கச் செய்தார்கள். பல்வைத்தியர் பொன்னாடை போர்த்தினார். மனிதர் பொன்னாடையோடும் மடியில் மீன் ரோலோடும் உட்கார்ந்து, பின்னால் திரையில் தன் முதல் படத்தைத் தயாராக வைத்திருந்தார். நான் எட்டிப் பார்த்தேன். முழுத் திரையிலும் ஒரு பெரிய எட்டு.

மச்சாள் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தார். எழுதிய தலைமையுரை கையில் இல்லை. நான் கம்பனிக்காரருக்குப் பக்கத்தில் இருந்து காதுக்குள் மொழிபெயர்த்தேன்.

“எல்லாருக்கும் வணக்கம். எங்களை ஒருத்தரும் ஏமாத்தேல்லை. பிழை விட்டது நான்.”

பெண்கள் இருந்த பக்கம் திரும்பினார்.

“எட்டுக் கிராம் ஒரு பவுண். இங்க இருக்கிற பொம்பிளையள் ஆருக்காவது நான் அதைச் சொல்லித் தரவேணுமோ? இன்ரநெற்றும் அப்பிடித்தான். கம்பனி கிராமில விக்குது, கொம்பியூட்டர் பவுணில காட்டுது. எண்பது கிராமும் பத்துப் பவுணும் ஒண்டுதான்.”

முதலில் பெண்கள் பக்கம் சிரித்தது. பிறகு அவர்கள் ஆண்களுக்கு விளக்கத் தொடங்கினார்கள். பவுண் என்றால் என்னவென்று கம்பனிக்காரர் என்னிடம் கேட்டார். சொன்னேன். அவர் தன் திரையைத் திரும்பிப் பார்த்தார். நான்கு வருடமாக எல்லா ஊரிலும் இந்த எட்டை விளக்கி வருவதாகவும், ஒருவரும் இவ்வளவு கெதியாக விளங்கிக்கொண்டதில்லை என்றும், வேலை போன ஆளைப் போலச் சொன்னார்.

மச்சாள் ஆங்கிலத்துக்கு மாறினார். கவுண்டர் ஆங்கிலம்; பிசிறில்லாதது. பட்டியலின் நாற்பத்தோராவது வீட்டில் எண்பது வரவேண்டிய இடத்தில் பதினாறு வருகிறது, வயர் போட்டு அளந்த கணக்கு இதோ, தான் முதலில் அந்த வரிசையைத் தவறாக மாற்றி எழுதியதும் இதோ, இதற்கு ஐயாவிடம் படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். கம்பனிக்காரர் தன் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். எட்டு, எட்டின் விளக்கம், நன்றி. வேறு இல்லை. பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு எழுந்து, செவ்வாய்க்கிழமை திருத்துபவரை அனுப்புவதாக ஒலிவாங்கியில் சொன்னார்.

கைதட்டல் அடங்கியதும் சபாரத்தினம் அண்ணை எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

“தங்கச்சி வெளிப்படையாக் கதைச்சதைப் பாராட்டுறன். ஆனா தலைவி மூண்டு கிழமையா முழுச் சனத்தையும் பிழையான வழியில கொண்டுபோயிருக்கிறா. பட்டியலையும் மாத்தியிருக்கிறா. சங்க மரபுப்படி இராஜினாமா செய்யவேணும்.”

“செய்யிறன், அண்ணை,” என்றார் மச்சாள் உடனே. கை ஒலிவாங்கிக் கம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நான் எழுந்து நின்றிருந்தேன்.

“அவ கேட்ட முதல் நாளே எனக்குப் பதில் தெரியும்,” என்றேன். “சொல்லாமல் விட்டது நான். பிழையில பாதி என்ர.”

“பாதி இல்லை,” என்றார் மச்சாள் ஒலிவாங்கியில். “எட்டில ஒண்டு. கூட எடுக்காதையும்.”

மண்டபம் சிரித்தது. அண்ணையின் வாய்கூட ஒரு பக்கம் வளைந்தது. அப்போது பின் வரிசையில் மேரிசாந்தி எழும்பினார்.

“இராஜினாமா பிறகு. என்ர வயர் முதல். வயர் திருத்தி முடியும்வரை இவதான் தலைவி. நடுவில ஆளை மாத்தினா புதுத் தலைவருக்கு நான் முதலிலிருந்து எல்லாத்தையும் சொல்லவேணும். எனக்கு ஏலாது.”

இதற்குச் சங்க மரபில் இடமுண்டா என்று சபாரத்தினம் அண்ணை யோசிப்பதற்குள் பல்வைத்தியர் வழிமொழிந்துவிட்டார். என்னைச் செயலாளராகப் போட்டார்கள். அது பதவியல்ல, தண்டனை என்று மச்சாள் விளக்கினார்.

செவ்வாய்க்கிழமை திருத்துபவர் வரவில்லை. அடுத்த செவ்வாயும் வரவில்லை. நான் எழுதிய கடிதங்கள் ஏழு. மச்சாள் தினமும் ஒன்பது மணிக்குக் கம்பனிக்குப் போன் எடுத்து, காத்திருக்கும் இசைக்கு நடுவே கறிக்கு வெங்காயம் வெட்டினார். கம்பனி எவ்வளவு பிந்துகிறதோ அவ்வளவு காலம் அவர் தலைவி. ஆனால் அவர் ஒரு நாளும் போன் எடுக்காமல் விட்டதில்லை. எனக்குத் தெரிந்தவரை நேர்மை என்பது பெரிய சொல். இதை என்ன சொல்வது என்று தெரியவில்லை.

ஐந்தாம் கிழமை வியாழக்கிழமை மேரிசாந்தி எனக்குப் போன் பண்ணினார்.

“வயர் திருத்திறவன் வந்திட்டுப் போட்டான். இப்ப ஒன்பதரை காட்டுது. நேற்று அஞ்சு மறையுண்மையும் நிக்காமல் போச்சுது. பாரிஸ்காரிதான் நடுவில நித்திரை.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “மச்சாளுக்கு இப்பச் சொல்லாதையும், பிள்ளை. இன்னும் ரெண்டு மாசம் தலைவியா இருக்கட்டும். பாவம், அவ சந்தோசமா இருக்கிறா.”

 எவ்வளவு அன்பான யோசனை! பேசாமல் இருப்பதற்கு எனக்குள் எப்போதும் ஓர் இடம் தயாராக இருக்கும். மெத்தை போட்டு, விளக்கும் ஏற்றி வைத்த இடம். அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளத்தான் மனம் ஆசைப்பட்டது.

போனை வைத்துவிட்டு மச்சாளுக்கு அழைத்தேன். அரை நிமிடத்தில் சொல்லி முடித்தேன்.

மறுமுனையில் வெங்காயம் வெட்டும் சத்தம் நின்றது.

“ஒன்பதரையோ?”

“ஒன்பதரை.”

“எழுபத்தாறு கிராம்,” என்றார்.  “நல்லது. அந்த மனுசி நிம்மதியாச் செபிக்கட்டும்.”

“மச்சாள், கவலையா?”

“ஓம்.” மூக்கை உறிஞ்சினார். வெங்காயமாகவும் இருக்கலாம். “செயலாளர், பேனை கையில இருக்கோ? எழுதும். ஞாயிறு கூட்டம். முதலாவது, தலைவியின்ர இராஜினாமா. ரெண்டாவது, புதுத் தலைவர் தெரிவு.”

எழுதினேன். “சபாரத்தினம் அண்ணை தலைவர் பதவிக்கு நிப்பாரோ?”

“நிப்பார். நிக்கட்டும்.” கத்தி மறுபடியும் பலகையில் ஓடத் தொடங்கியது. “நானும் நிக்கிறன்.”